சின்னக் கல்லூரி வாத்தியார் ஆய்வும் செய்து, ஊர்வேலையும் பார்க்க முடியுமா?

கேள்வி இது: "சேலத்தில், ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் உதவிப் பேராசிரியராகப் போன வருடம் சேர்ந்தேன். வாரம் 18 மணி நேரம் வகுப்பு. வருடத்துக்கு 2 பேப்பர் போடச் சொல்கிறார்கள். கூடவே தத்தெடுத்த கிராமங்களுக்கும் போகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் ஆய்வு, கற்பித்தல், சமூகப் பணி மூன்றும் ஒன்றாக நடப்பதாகப் படித்தேன். இங்கே அது நடக்குமா? இல்லை, ஏதாவது ஒன்றைக் கைகழுவ வேண்டியதுதானா?"

நடக்கும் தம்பி. ஆனால் உங்கள் கல்லூரி சொல்கிற வரிசையில் நடக்காது. நான் சேலத்தில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் 31 வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். அதில் 6 வருடம் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலுவலர். பேப்பர் போடாததற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன், முகாமில் சாம்பார் பற்றாததற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. அங்கே லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் பெரும்பாலும் இளங்கலை மட்டும்தான். ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பிள்ளைகள் இருப்பார்கள். முனைவர் பட்டப் படிப்பு அநேகமாக இருக்காது. அதாவது, ஆய்வகத்தில் ராப்பகலாக வேலை பார்க்க ஆராய்ச்சி மாணவர்கள் கிடையாது. வேறு வழியில்லாமல் அந்த ஆசிரியர்கள் இளங்கலைப் பிள்ளைகளையே ஆய்வுக்குள் இழுத்துவிட்டார்கள். இளங்கலை ஆய்வுக்கென்றே அங்கே 1978-இல் ஒரு மன்றம் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் சின்னத் தனியார் கல்லூரிகளின் வேதியியல் ஆசிரியர்கள். எங்கள் ஆட்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அப்புறம் 1990-இல், கல்விக்கான கார்னகி அறக்கட்டளையின் தலைவராக இருந்த எர்னஸ்ட் பாயர் ஓர் அறிக்கை எழுதினார். பேராசிரியரின் புலமை என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டும்தானா என்பது அவர் கேள்வி. கண்டுபிடிப்பது ஒன்று, பல துறைகளில் சிதறிக் கிடப்பதைக் கோத்துப் பார்ப்பது ஒன்று, அறிவை ஒரு நடைமுறைச் சிக்கலில் பயன்படுத்துவது ஒன்று, கற்பிப்பதையே ஆராய்ந்து செய்வது ஒன்று என நான்காகப் பிரித்தார். நான்கும் புலமைதான் என்றார். நீங்கள் படித்த "மூன்றும் ஒன்றாக" என்ற பேச்சுக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சமூக ஈடுபாட்டுக்காகக் கல்லூரிகளைத் தனியே வகைப்படுத்தி அங்கீகரிக்கும் வழக்கத்தை 2006-இல் கார்னகி தொடங்கியதும் அந்த வரிசையில் வந்ததுதான்.

அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு ஆய்வு விடுப்பு கொடுக்கிற கல்லூரிகள் உண்டு. நம் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலே தற்செயல் விடுப்பை எண்ணித்தான் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் நிலைமையில் ஒரு விஷயம் நமக்கும் பொருந்தும். கையில் இருப்பது இளங்கலைப் பிள்ளைகளும் சுற்றியிருக்கும் ஊரும் மட்டுமே. அதை வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

நம் ஊரில் விதிமுறைக்குப் பஞ்சமில்லை. என்.எஸ்.எஸ். 1969-இலிருந்து இருக்கிறது. ஒரு தொண்டர் வருடத்துக்கு 120 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், 7 நாள் சிறப்பு முகாம் போக வேண்டும். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான் 2014-இல் வந்தது. ஒரு கல்வி நிறுவனம் 5 கிராமங்களையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கு ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டு, 2 கிரெடிட் பாடமாகவே வைக்கலாம் என்றது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் மதிப்பீட்டில் மூன்றாவது அளவுகோலின் தலைப்பிலேயே ஆய்வோடு விரிவாக்கப் பணியும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் சரி. கடைசியில் இவையெல்லாம் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: ஜியோ டேக் போட்டோ.

அதைப் பார்த்திருப்பீர்கள். பேனரை விரித்துப் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஒருவர் கையில் விளக்குமாறு, ஓரத்தில் ஊராட்சித் தலைவர். கீழே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். ஒரு தடவை ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் சிக்னல் கிடைக்காமல், போட்டோவில் பக்கத்து ஊர் பெயர் விழுந்துவிட்டது. அதற்காக அடுத்த வாரம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், அதே விளக்குமாறோடு மறுபடி நின்றோம். கூட்டியது முதல் தடவைதான்.

"தத்தெடுத்த கிராமம்" என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. நம் கல்லூரி பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் பிறந்த ஊரை நாம் எப்படித் தத்தெடுப்பது? சரி, அது என் எரிச்சல். விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வும் ஊர்வேலையும் எப்போது ஒன்றாகும் என்றால், கேள்வி ஊரிலிருந்து வரும்போது. கேள்வியை நாம் துறையிலேயே எழுதிக்கொண்டு போனால் ஊர் வெறும் மாதிரிக்களம் ஆகிவிடும். கேள்வியே இல்லாமல் போனால் விளக்குமாறு மிஞ்சும். இது எனக்குத் தானாகப் புரிந்ததில்லை. வாழப்பாடிப் பக்கத்தில் ஒரு முகாமில், ஐந்தாம் நாள் ராத்திரி, உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

அதே ஊரில் அது எங்களுக்கு மூன்றாவது முகாம். பள்ளிக்கூடத்து மதிலோரம் மரக்கன்று நடுவது எங்கள் திட்டம். குழி தோண்ட வேண்டிய அவசியமே இல்லை, போன வருடக் குழிகள் அப்படியே இருந்தன. அதற்கு முந்தைய வருடம் வைத்ததும் அதே குழிகளில்தான். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகள் காய்ந்து போயிருந்தன. ஊர்க்காரர் ஒருவர், குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயி, என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "சார், நீங்க கெமிஸ்ட்ரிதானே? எங்க கிழங்குல பாயிண்ட் சரியாத்தான் பாக்கறாங்களான்னு சொல்ல முடியுமா?"

சேலம் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்போம். அதிலிருந்துதான் ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் வருகின்றன. சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றி சேகோ பேக்டரிகள் ஏராளம். அவர்கள் சரக்கை விற்கச் சேலத்தில் 1981-இலிருந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பேக்டரிக்காரர் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார். 28 பாயிண்ட் வரும் என்று நம்பி லோடு ஏற்றியவருக்கு அங்கே 25 என்று சொன்னால், அந்த 3 பாயிண்டும் அவர் பையிலிருந்து போகிறது. அளப்பது பேக்டரி. விவசாயிக்கு அது மூடுமந்திரம்.

அளக்கிற முறை ஒன்றும் பிரமாதமில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆர்க்கிமிடீஸ்தான். கிழங்கைக் காற்றில் ஓர் எடை, தண்ணீரில் மூழ்கவிட்டு ஓர் எடை. 5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் 500 கிராம் காட்டினால், 5000-ஐ 4500-ஆல் வகுக்க வேண்டும். ஒப்படர்த்தி 1.11. மாவு கூடினால் கிழங்கு கனக்கும், தண்ணீருக்குள் எடை கூடுதலாகக் காட்டும். அதை ஓர் அட்டவணையில் பார்த்து மாவுச் சதவீதமாக மாற்றிக்கொள்வார்கள்.

கல்லூரிக்குத் திரும்பி, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வருக்கு இதையே புராஜெக்டாகக் கொடுத்தேன். வழக்கமாக அவர்கள் எடுப்பது "நகரின் ஐந்து இடங்களில் குடிநீரின் பி.எச். மதிப்பு" மாதிரி ஏதாவது ஒன்று. சீனியர் வைத்ததைப் பார்த்து எழுதுவார்கள். இந்தத் தடவை பார்த்து எழுத எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டிரம், கொக்கித் தராசு, கம்பிக் கூடை, அவ்வளவுதான் உபகரணம். டவுன் பஸ்ஸில் கிழங்கு மூட்டையோடு ஏறி கண்டக்டரிடம் ஏச்சு வாங்கியது தனிக் கதை.

முதல் வாரமே ஒன்று பிடிபட்டது. கிழங்கைக் கூடையில் போட்டு அப்படியே தண்ணீரில் இறக்கினால், கிழங்குகளுக்கு நடுவிலும் தோல் மடிப்பிலும் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. குமிழி கிழங்கைத் தூக்கும், எடை குறைவாகக் காட்டும், பாயிண்ட் போகும். கூடையை இரண்டு தடவை நன்றாகக் குலுக்கி இறக்கினால் எடை மாறுகிறது. அதே கிழங்கு, அதே தராசு. ஒட்டிய மண் இதற்கு நேர் எதிர். மண் கனமானது, பாயிண்டைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் பேக்டரியில் மண்ணுக்கென்று தனியாகக் கழிக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் அவரவர் கணக்கு.

அடுத்தது மழை. கோடைமழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிடுங்கினால் பாயிண்ட் இறங்குகிறது என்று ஊரில் எல்லாருமே சொன்னார்கள். நான் அதைத் தண்ணீர்ச் சத்து கூடிவிட்டது என்று மட்டும் நினைத்திருந்தேன். என் தாவரவியல் நண்பர்தான் சரியாகச் சொன்னார். மழை கண்டதும் செடி புதுத் தளிர் விடும். அதற்கான சக்தியைக் கிழங்கில் சேர்த்து வைத்த மாவிலிருந்துதான் எடுக்கும். விவசாயிக்குத் தெரிந்தது என்ன, எங்களுக்குத் தெரிந்தது ஏன். இரண்டும் சேர்ந்த அந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட ஏற்படவில்லை.

கடைசியாகத் தாமதம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நீலக்கோடு விழுந்து கெடத் தொடங்கும். வண்டி கிடைக்காமல் ஒரு நாள் காட்டிலேயே (வயலைத்தான் இங்கே காடு என்போம்) கிடந்தால் நட்டம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

ஆகவே, "பேக்டரிக்காரர் ஏமாற்றுகிறாரா" என்ற கேள்விக்கு நாங்கள் கொடுத்த பதில் ஊருக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. குலுக்காமல் இறக்குவதில் பறிபோவது கொஞ்சம், மழையில் போவது கொஞ்சம், வண்டிக்குக் காத்திருப்பதில் போவது கொஞ்சம். முழுக்கத் திருட்டு என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அடுத்த பருவத்தில் அந்த ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு டிரம்மும் தராசும் வைத்தார்கள். லோடு ஏற்றுமுன் தாங்களே பார்த்துக்கொண்டு போனார்கள். நம்பரோடு போகிறவரிடம் பேரம் வேறு மாதிரி நடக்கும், அது உங்களுக்கே தெரியும், பொருளியல்காரர்.

நாங்கள் தமிழில் ஒரு பக்க அட்டவணை அச்சடித்துப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினோம். அதே விஷயத்தை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். "வட்டார ஆர்வம் மட்டுமே உடையது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இதழில் ஒன்றரை வருடம் கழித்து வந்தது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது தலைவலி. மானியக் குழுவின் 2018 விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஏற்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைக்கு 8, கலைத் துறைக்கு 10. மாநில அரசுக்குக் கொள்கை அறிக்கை கொடுத்தால் 4. பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினால்? அந்த அட்டவணையில் அதற்கு வரிசையே கிடையாது. கட்டுரை எனக்கு மதிப்பெண் தந்தது, சுவரொட்டி விவசாயிக்குக் காசு தந்தது. இரண்டுக்கும் உழைப்பு ஒன்றுதான். அதனால் என் அறிவுரை கொஞ்சம் வியாபார புத்தியோடு இருக்கும்: ஒரே களவேலையிலிருந்து இரண்டையும் எடுங்கள். ஊருக்கு ஒரு பக்கம் முதலில், இதழுக்கு அப்புறம். வரிசையை மாற்றினால் ஊர்ப்பக்கம் எழுதவே மாட்டீர்கள். நான் பார்த்தவரை யாரும் எழுதியதில்லை.

இதழ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் வந்த, ஏற்கத்தக்க இதழ்களின் பெயர்கள் கொண்ட கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டது. எந்த இதழ் தரமானது என்று இனி ஆசிரியரும் கல்லூரியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் போனாலும் பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் போட்டுத் தருகிற இதழ்கள் போகவில்லை. வாட்ஸப்பில் தினமும் கூப்பிடுவார்கள். உங்கள் கல்லூரி கேட்கிற 2 பேப்பரை அந்த வழியில் முடித்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். வேண்டாம். பத்து வருடம் கழித்து உங்கள் பெயரைத் தேடும் ஒரு நல்ல மாணவர் முதலில் பார்ப்பது அந்தப் பேப்பராகத்தான் இருக்கும்.

சின்னக் கல்லூரியால் எது முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் பக்கம் பரவியபோது, அதைக் கட்டுப்படுத்த ஒரு சின்னக் குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து தருவித்து, 2022-இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வெளியிட்டார்கள். அது பெரிய நிறுவனங்களின் வேலை. தனிமைப்படுத்தும் ஆய்வகம், அனுமதி, ஆட்கள் எல்லாம் வேண்டும். ஆனால் குளவி விட்ட பிறகு எந்தக் காட்டில் குறைந்தது, எங்கே குறையவில்லை என்று வாராவாரம் நடந்து பார்க்க உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளைவிடத் தோதான ஆள் யார்? அந்தக் காடுகளிலிருந்துதானே அவர்கள் வகுப்புக்கே வருகிறார்கள். நம் பலம் அதுதான், தம்பி. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் "களம்" என்று நாம் சொல்கிற இடத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

இனி மலை. நீங்கள் அடிவாரத்தில் இருப்பதால் யாராவது கட்டாயம் ஏற்காட்டுக்கு அனுப்புவார்கள். சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையை ஆளுகிறவர்கள் என்றுதான் அவர்கள் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வந்த தர்ஸ்டனின் தொகுப்பிலேயே இது இருக்கிறது. அதற்கு முன் 1883-இல் லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு, அப்புறம் 1918-இல் ரிச்சர்ட்ஸின் மாவட்ட கெசட்டியர் (விவரநூல்). அதிலிருந்து இன்றுவரை அவர்களைப் பற்றி எழுதிய தாளை அடுக்கினால் ஒரு லாரி தேறும்.

எழுதியது எங்கே போனது என்பதுதான் கேள்வி. என் தாவரவியல் நண்பரோடு ஒரு தடவை மேலே ஒரு சிற்றூருக்குப் போனேன். மூலிகை தெரிந்த பெரியவர் ஒருவர், காபிக்கொட்டை காய வைத்திருந்த களத்தில் உட்கார வைத்து, காபியும் கொடுத்தார். நண்பர் நோட்டைத் திறந்ததும் அவர் சிரித்தார். "போன வருசம் வந்த புள்ளையும் இதேதான் கேட்டுச்சு. அதுக்கு முந்தி வந்தவங்களும் இதேதான். எழுதிக்கிட்டுப் போனதெல்லாம் எங்கய்யா வெக்கிறீங்க?" என்றார். நண்பரிடம் பதிலில்லை. பல்கலைக்கழக நூலகத்தில், ஆங்கிலத்தில், கறுப்பு பைண்டிங்கில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரே பெரியவரிடம் ஒரே செடிகளை நாலு பேர் கேட்டு, நாலு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவர் பேரனுக்கு அதில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

நண்பர் அதற்கப்புறம் செய்தது எனக்குப் பிடித்தது. பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டு வேலையில் சேர்ந்துகொண்டார். 2002-ஆம் வருடப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், அது இப்படி ஒரு பதிவேட்டை வைக்க வேண்டும். பல இடங்களில் அதை யாரோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒப்பேற்றிவிடுவார்கள். இவர் செடிப் பெயர்களை அவர்கள் வாயில் வருகிற பெயரிலேயே எழுதினார். தாவரவியல் பெயர் பக்கத்தில், சின்னதாக. எந்த நோய்க்கு எந்தச் செடியை எப்படிச் சேர்ப்பது என்ற பக்குவத்தை எழுதவில்லை. அது வெளியே போக வேண்டாம் என்று பெரியவர் சொன்னார், அதோடு சரி. பதிவேடு ஊரின் சொத்து. நண்பர் எழுதிய கட்டுரையோ வேறு விஷயம்: சாமையும் பனிவரகும் இருந்த காட்டில் காபியும் மிளகும் வந்த பிறகு எந்தக் கீரைகள் வரப்பிலிருந்து காணாமல் போயின என்பது. அந்தக் கேள்வியைக் கேட்டது அந்தப் பெரியவரின் மனைவி.

இடையில் ஒரு பழைய ஆள் நினைவுக்கு வருகிறார். ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். நிலவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வாழ்ந்தார். நடக்கப் போன இடத்திலெல்லாம் கீழே பார்த்துக்கொண்டே நடந்த மனிதர். அவர் சேர்த்தவை சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நினைவிடம் ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. வரலாற்றுத் துறைப் பிள்ளைகளை ஏற்காடு டூர் கூட்டிப்போகும் கல்லூரிகள் போட் ஹவுஸ், லேடீஸ் சீட் முடித்து இறங்கிவிடும். ஃபூட் பக்கம் வண்டி நிற்பதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டமும் அங்கேயே இருக்கிறது. ஆய்வு நடக்கும் இடத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கப் பெரிய செலவில்லை.

சரி, நீங்கள் பொருளியல். உங்களுக்கு என் கிழங்கு எதற்கு என்று கேட்கலாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் சேலம் முழுக்கச் சந்து சந்தாக உண்டு. வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், பட்டறைக்காரர் கொலுசாக எடை போட்டுத் திருப்பித் தருவார். நடுவில் சேதாரம், கூலி. உருக்க ஒருவர், கம்பி இழுக்க ஒருவர், பற்றவைக்க, சலங்கை கோக்க, மெருகு போட என்று ஒரு ஜோடிக் கொலுசு பல கை மாறும். வீட்டுப் பெண்கள் செய்யும் பங்கு கணிசம். கணக்கில் அவர்கள் பெயர் இருக்காது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்களுக்குக் கேள்வி தானாக வரும். வெள்ளி விலை ஏறும்போது கூலி ஏறுகிறதா, அல்லது ஆர்டர் குறைந்து கூலியும் போகிறதா? சேதாரத்தின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்? என் பாயிண்டும் அவர்கள் சேதாரமும் ஒரே குடும்பம்தான், கவனித்தீர்களா? அளவுகோல் ஒருவர் கையில், நட்டம் இன்னொருவர் கையில். பொருளியலில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருப்பார். அவரிடமிருந்து தொடங்குங்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. உங்களுக்கு 18. சுயநிதிக் கல்லூரிகளில் 20-ஐத் தாண்டுவதும் நடக்கிறது. இதில் களவேலையைக் கூடுதலாகச் சேர்த்தால் ஆறு மாதத்தில் படுத்துவிடுவீர்கள். சேர்க்காதீர்கள், மாற்றுங்கள். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் எப்படியும் உண்டு, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். 2 கிரெடிட் சமூக ஈடுபாட்டுப் பாடம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதையும் அங்கேயே கட்டுங்கள். என்.எஸ்.எஸ். முகாமின் 7 நாளில் 2 நாளை வீட்டுக் கணக்கெடுப்புக்குக் கேட்டு வாங்குங்கள். 5 கிராமம் என்று தாளில் இருக்கட்டும். உங்கள் மனதில் ஓர் ஊர் போதும், ஒரு தெரு இன்னும் நல்லது. வருடா வருடம் ஒரே இடத்துக்குப் போனால் மூன்றாவது வருடத்தில்தான் ஆட்கள் உண்மையான வருமானத்தைச் சொல்வார்கள். முதல் வருடம் எடுக்கும் நம்பர்களை நம்பிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

எம்.ஃபில். 2022-இல் நின்றுபோனதால் கல்லூரிகளில் இடைநிலை ஆய்வு மாணவர்கள் என்ற கூட்டம் இல்லாமல் போயிற்று. இளங்கலைப் பிள்ளைகளை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பிழை செய்வார்கள். தராசில் கூடையின் எடையைக் கழிக்க மறந்து ஒரு வாரக் கணக்கை வீணாக்கியிருக்கிறார்கள். பரவாயில்லை. அந்த நால்வரில் ஒருத்தி, தலைவாசல் பக்கத்துப் பெண், தன் அப்பாவின் லோடை அளக்கத்தான் இந்தப் புராஜெக்டில் சேர்ந்தாள் என்று கடைசி நாள்தான் சொன்னாள்.

நிர்வாகத்தை என்ன செய்வது என்றும் யோசிப்பீர்கள். எதிர்க்காதீர்கள். போட்டோ கேட்டால் போட்டோ கொடுங்கள், அட்சரேகையோடு. ஆனால் முதல் தடவை பட்டறைக்குப் போகும்போது பேனர் எடுத்துப் போக வேண்டாம். போனையும் பையிலேயே வையுங்கள். வெள்ளி கிடக்கும் இடத்தில் யாராவது படம் எடுத்தால் அவர்களுக்குப் பகீரென்றிருக்கும். காலையில் போகாதீர்கள், வேலை மும்முரமாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, டீ வரும் நேரத்துக்குப் போங்கள். டீக்காசை நீங்கள் கொடுங்கள்.

இரண்டு வருடம் முன்பு வாழப்பாடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பால் சொசைட்டியை எட்டிப் பார்த்தேன். எங்கள் அட்டவணை மஞ்சள் பூத்து, ஓரம் கிழிந்து, இன்னும் சுவரில் இருந்தது. வலது பக்கக் காலி இடத்தில் யாரோ பால்பேனாவால் கோடு போட்டு, "மழை பெஞ்ச தேதி" என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள்.